எல்.எஃப்.ஓ. திருப்பினா எல்லாம் பேய்ப்படம் மாதிரி ஆடுது, இது எதுக்குத்தான்?

6 ஏப்ரல் 2024, மாலை 6.10 (கேள்வி)

குடியாத்தத்துல இருந்து எழுதறேன். லைட் மியூசிக் குரூப்ல ரெண்டாவது கீபோர்டு. இதுவரைக்கும் ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்-10 மட்டும்தான். போன மாசம் செகண்ட் ஹேண்டுல ஒரு கோர்க் வோல்கா கீஸ் (குட்டி சிந்தசைசர், சுருக்கமா சிந்து) கிடைச்சது. அதுல எல்.எஃப்.ஓ.ன்னு போட்டு மூணு நாப் இருக்கு. எத்தத் திருப்பினாலும் பேய்ப்படத்துல கதவு தொறக்குற மாதிரி சத்தம் ஆடுது. எங்க குரூப் அண்ணன், "அத்த ஜீரோல வெச்சிட்டு வேலையப் பாரு. வெறும் வைப்ரேட்டோதான், உன் கீபோர்டுல லீவரை முன்னாடி தள்ளினா வர்ற அதே ஆட்டம்"ன்றாரு. அப்படின்னா இதுக்கு எதுக்குத் தனியா மூணு நாப்? வைகாசில கெங்கையம்மன் திருவிழா கச்சேரி இருக்கு, அதுக்குள்ள ரெண்டு மூணு சத்தம் நானே செய்யணும்னு ஆசை.

6 ஏப்ரல், இரவு 11.20 (பதில்; கீழ வர்ற மத்த குறிப்புங்களும் என்னோடதுதான்)

உங்க அண்ணன் சொன்னது பாதி சரி. மீதி பாதிக்குத்தான் மூணு நாப்.

சாதாரண ஆஸிலேட்டர் (சிந்துல சத்தத்த உண்டாக்குற பகுதி) செகண்டுக்கு 440 தடவ ஆடினா நம்ம காதுக்கு அது ஒரு ஸ்வரம். அதையே மெதுவாக்கிக்கினே வா. 20க்குக் கீழ போனா ஸ்வரம் கேக்காது, ஆட்டம் மட்டும் இருக்கும். அதுதான் எல்.எஃப்.ஓ., லோ ஃப்ரீக்வன்சி ஆஸிலேட்டர். அந்த ஆட்டத்த ஸ்பீக்கருக்கு அனுப்பறதில்ல, இன்னொரு நாபுக்கு அனுப்பறாங்க. மெஷினுக்குள்ள ஒரு சின்னப் பையன் உக்காந்துகினு, நீ காட்டுற நாபை இப்படியும் அப்படியும் திருப்பிக்கினே இருக்கான்னு வெச்சிக்க. எந்த நாப், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம். வோல்கால ரேட் நாப் வேகம். மத்த ரெண்டும் தூரம்: ஒண்ணு (பிட்ச் இன்ட்) பிட்ச்சை, அதாவது சுருதிய, எவ்வளவு ஆட்டணும், இன்னொண்ணு (கட்ஆஃப் இன்ட்) ஃபில்டர் கட்ஆஃபை, அதாவது சத்தத்தோட கூர்மைய வெட்டுற இடத்த, எவ்வளவு ஆட்டணும். பையன் சட்டுனு திருப்புறானா, நைஸா திருப்புறானா, ஒரு பக்கம் மெதுவா போயி மறுபக்கம் தொப்புனு விழுறானான்றது அலை வடிவம். வோல்கால அதே வரிசையில ஸ்கொயர், டிரையாங்கிள், சா, மூணும் இருக்கு.

வேலூர்ல இருந்துகினு இதுக்கு உதாரணம் தேட வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆந்திரா நம்பர் போட்ட ஆம்புலன்ஸ் ஊருக்குள்ள வருது இல்ல, அத்த கவனி. நேர் ரோட்டுல வர சொல்ல ஊஊஊஊன்னு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். கிரீன் சர்க்கிள் கிட்ட டிராபிக்ல மாட்டினதும் டிரைவர் ஒரு பட்டனைத் தட்டுவாரு, குயுங் குயுங் குயுங்னு மாறும். அதே சத்தம், அதே தூரம், ரேட் மட்டும்தான் ஏறிச்சு. பீ-பா பீ-பான்னு ரெண்டே ஸ்வரத்துல குதிக்கிறது ஸ்கொயர் அலை. உன் வோல்கால மூணையும் அஞ்சு நிமிஷத்துல செஞ்சிடலாம். செஞ்சு பாரு, நான் இங்க எழுதறத விட அதுல அதிகமா புரியும்.

பேய்ப்படம் ஏன் வருதுன்னா, நீ தூரத்த முழுசாத் திருப்பி வெச்சிருக்க. பிட்ச் இன்ட் நாபை எட்டு மணி முள்ளுக்கு மேல ஏத்தாத. ரொம்ப வேணும்னா எட்டரை.

7 ஏப்ரல், காலை 7.45

இன்னொண்ணு விட்டுப்போச்சு. சின்ன வயசுல எல்லாரும் டேபிள் ஃபேன் முன்னாடி உக்காந்து "ஆஆஆ"ன்னு கத்தியிருப்போம், குரல் வெட்டு வெட்டா வரும். அதுவும் எல்.எஃப்.ஓ.தான். பிட்ச்சுக்குப் பதிலா சத்தத்தோட அளவ ஆட்டுது. அதுக்குப் பேரு ட்ரெமலோ. வைப்ரேட்டோ வேற, ட்ரெமலோ வேற. கித்தார் கடைக்காரங்களே ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லுவாங்க, கண்டுக்காத.

7 ஏப்ரல், இரவு 10.05

நம்பரா கேக்குறவங்களுக்கு:

பாடுற மாதிரி வைப்ரேட்டோ வேணும்னா செகண்டுக்கு 5, 6 தடவ. 7ஐத் தாண்டினா ஆடு கத்துற மாதிரி ஆயிடும். ஃபில்டரை மெதுவா தொறந்து மூட 0.1ல இருந்து 0.5 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு எத்தன தடவன்றது). பாட்டோட தாளத்துக்கு ஆடணும்னா, டெம்போவ 60ஆல வகுத்தா ஒரு பீட்டுக்கு ஒரு ஆட்டம். 120 டெம்போன்னா 2 ஹெர்ட்ஸ். பீட்டுக்கு ரெண்டு ஆட்டம் வேணும்னா 4. திருவிழாப் பாட்டுங்க 130 பக்கம் ஓடும், அப்போ 130ஐ 60ஆல வகுத்து ரெண்டால பெருக்கு, 4.33. இதுல வெச்சிட்டா குத்துப்பாட்டுக்கு பேஸ் சும்மா தூக்கும்.

வோல்கா டிஸ்பிளேல ஹெர்ட்ஸ் காட்டாது. டிரம்ல ஹை-ஹேட்ட ஓட விட்டு அதோட ஒட்டற வரைக்கும் காதால திருப்பு.

9 ஏப்ரல், மதியம் 2.30

ஃபேன் விஷயத்துல இங்க படிக்கிற ஆம்பூர்க்காரர் ஒருத்தர் என்னை மாட்டிவிட்டாரு. "அண்ணே, டேபிள் ஃபேன் எத்தன ஆர்.பி.எம். தெரியுமா?"ன்னு ஒரே வரி. உக்காந்து கணக்கு போட்டேன். முழு வேகத்துல நிமிஷத்துக்குச் சுமார் 1300 சுத்து. செகண்டுக்குக் கிட்டத்தட்ட 21.7 சுத்துன்னு வெச்சிக்க. மூணு இறக்கை. ஒரு சுத்துக்கு மூணு தடவ குரலை வெட்டுது, ஆக செகண்டுக்கு 65 தடவ. 65 ஹெர்ட்ஸ் எங்க எல்.எஃப்.ஓ.? அது நம்ம காதுக்குக் கேக்குற ஆஸிலேட்டர் ஆச்சே.

அதனாலதான் ஃபேன் முன்னாடி கத்தினா விட்டு விட்டுக் கேக்குறதில்ல, ரோபோ பேசுற மாதிரி கரகரன்னு கேக்குது. நீ 200 ஹெர்ட்ஸ்ல "ஆ"ன்னா, 65ஐக் கழிச்சு 135லயும் கூட்டி 265லயும் ரெண்டு புது சத்தம் பக்கத்துல வந்து ஒட்டிக்கும். நீ பாடாத ஸ்வரம் அதெல்லாம்.

நேத்து ராத்திரி டெஸ்ட் பண்ணேன். ஃபேனை முழு வேகத்துல விட்டு "ஆ"ன்னு பிடிச்சிக்கினே சுவிட்சை ஆஃப் பண்ணேன். மொதல்ல கரகரப்பு. வேகம் இறங்க இறங்க கரகரப்பு முறுக்கு அவிழ்ந்து டகடகடகன்னு தனித்தனி வெட்டா பிரிஞ்சுது. அப்புறம் டக்... டக்... டக். அந்த நடுவுல ஒரு இடம் இருக்கு பாரு, சத்தமா ஆட்டமான்னு காதே முடிவு பண்ண முடியாம தடுமாறும். 20 ஹெர்ட்ஸ்னு புஸ்தகத்துல கோடு போட்டாப்போல சொல்றாங்க, நிஜத்துல அது கோடில்ல, சேறு. ரேட்டை ரொம்ப மேல ஏத்த விடுற சிந்துல இதே விளையாட்டை நாப்ல செய்யலாம். மணியடிக்கிற மாதிரி, தகரம் தட்டுற மாதிரி சத்தமெல்லாம் அங்கதான் கிடக்குது.

சீலிங் ஃபேன் 350 சுத்துக்கு 17.5 வருது. அது எல்.எஃப்.ஓ.தான், கடைசிப் படியில. இப்ப புரியுது, வீட்டுல ரெக்கார்டு பண்ண குரல்ல ஒரு பதட்டம் எங்க இருந்து வந்துச்சுன்னு. பாடினவங்களத் திட்டினேன், தப்பு.

வீட்டுல ரெண்டு நாளா என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க.

12 ஏப்ரல், இரவு 9.50

லீவர் கேள்விக்கு வர்றேன், அதுதான் மொத கேள்வி.

எக்ஸ்.பி.எஸ்-10ல லீவரை முன்னாடி தள்ளினா வர்ற வைப்ரேட்டோ உள்ள இருக்க எல்.எஃப்.ஓ.தான். ஆனா லீவர் வேகத்த மாத்தல. பையன் எப்பவும் ஓடிக்கினேதான் இருக்கான், லீவர் அவனுக்குக் கதவு தொறந்து விடுது. தூரம் மட்டும் உன் கையில. நான் பத்து வருஷம் கச்சேரில வாசிச்சிட்டு இது தெரியாமலே இருந்தேன். தள்ளினா "ஃபீலிங்" வரும்னு மட்டும் தெரியும்.

1970ல வந்த மினிமூக் மாடல் டி-ன்ற பழைய சிந்துல தனி எல்.எஃப்.ஓ.வே கிடையாது. மூணு ஆஸிலேட்டர் இருக்கும், மூணாவத மெதுவாக்கி கீபோர்டுல இருந்து கழட்டி விட்டா அதுவே எல்.எஃப்.ஓ. ஆட்டம் வேணும்னா ஒரு குரலை விட்டுக் கொடுக்கணும். எவ்வளவு ஆடணும்னு சொல்ல இடது பக்கம் ஒரு வீல். ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த வீல் இன்னும் நிறைய கீபோர்டுல அதே இடத்துல இருக்குன்னா சும்மாவா.

அப்புறம் டிலே. நல்லாப் பாடுறவங்க நீட்டி ஒரு ஸ்வரம் பிடிக்க சொல்ல ஆரம்பத்துல நேரா நிப்பாங்க, கொஞ்சம் கழிச்சுதான் ஆட்டம் சேரும். 1982ல வந்த ரோலண்ட் ஜூனோ-60 சிந்துலயும், 1983ல வந்த யமஹா டி.எக்ஸ்.7 சிந்துலயும் இதுக்குன்னே எல்.எஃப்.ஓ. டிலே வெச்சிருந்தாங்க. வோல்கால அது இல்ல. (அதுல டிலேன்னு போட்டிருக்கே, அது எக்கோ. குழப்பிக்காத.) அதனால நீ இடது கையால பிட்ச் இன்ட் நாபை ஸ்வரம் பாதி போனதுக்கப்புறம் கொஞ்சம் ஏத்தி, முடியறதுக்குள்ள இறக்கணும். கஷ்டம் இல்ல. ஒரு வாரம் கை பழகணும்.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. மாங்காப் பச்சடி சாப்பிட்டு எழுதறேன், சண்டை வேணாம். நேத்து ஒருத்தர் "எல்.எஃப்.ஓ.ல டிரையாங்கிளும் சைனும் (வளைஞ்சு வளைஞ்சு போற அலை) ஒண்ணுதான்"னு எழுதியிருக்காரு. வேகமா ஆடினா காதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். மெதுவா ஆட விட்டுக் கேளுங்க. டிரையாங்கிள் உச்சில முட்டித் திரும்பும், சைன் உச்சில கொஞ்சம் மெத்துனு நின்னு திரும்பும். ஊஞ்சலுக்கும் சுவத்துல அடிச்சுத் திரும்புற பந்துக்கும் உள்ள வித்தியாசம்.

18 ஏப்ரல், இரவு 12.15

பிரசார ஆட்டோக்கள் நேத்து சாயங்காலத்தோட நின்னுச்சு. நாளைக்கு ஓட்டு. தெரு அமைதியா இருக்குன்னு என்கிட்ட இருக்க கோர்க் மினிலாக் சிந்தை எடுத்தேன்.

குடியாத்தம் தம்பி கெங்கையம்மன் திருவிழான்னதும் எனக்கு உடுக்கைதான் ஞாபகம் வந்துச்சு. நம்ம பக்கம் பம்பையும் உடுக்கையும் இல்லாம அம்மன் பாட்டு ஏது. உடுக்கைய யோசிச்சுப் பாருங்க: வலது கை விரல் தோல்ல தட்டுது, இடது கை நடு இடுப்புல இருக்க கயித்த அமுக்கி விடுது. அமுக்கினா தோல் இறுகி சுருதி ஏறும், விட்டா இறங்கும். கும்ம்-ஊவ்ம். பிட்ச்சை ஆட்டுறதுக்கு ஒரு கை முழுசா ஒதுக்கின வாத்தியம் அது. நாம இத்தன நாளா மெஷினுக்குள்ள பையனைத் தேடிக்கினு இருந்தோம், பூசாரி கையிலயே இருந்திருக்கான்.

செஞ்சு பாத்தேன். டிரையாங்கிள் அலை ஆஸிலேட்டர், கீழ் சுருதி, ஆம்ப்ல சஸ்டெயின் ஜீரோ, டீகே குட்டையா, அதாவது தட்டினதும் சத்தம் சட்டுனு அடங்கிடும். எல்.எஃப்.ஓ.வ பிட்ச்சுக்கு விட்டேன். மொத தட்டு அருமை. ரெண்டாவது தட்டு தலைகீழ். மூணாவது வேற எதோ. ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி ஒரு இடத்துல இருந்து ஆரம்பிக்குது. மெஷின் ரிப்பேர்னு நெனச்சேன், நெசமா.

காரணம் சின்னது. நான் கீயத் தட்டுறது பையனுக்குத் தெரியாது. அவன்பாட்டுக்கு ஆடிக்கினே இருக்கான், நான் தட்டின நேரத்துல மேல போயிக்கினு இருந்தானோ கீழ வந்துகினு இருந்தானோ, அதுதான் கிடைக்கும். இதுக்குத்தான் கீ சிங்க். ஆன் பண்ணா கீயத் தட்டின உடனே அவன் முதல்ல இருந்து ஆரம்பிப்பான். வோல்காலயும் இது இருக்கு, எல்.எஃப்.ஓ. ட்ரிகர் சிங்க்னு பேரு, ஃபங்ஷன் பட்டனைப் பிடிச்சிக்கினு போடணும்.

போட்டதும் நிஜ உடுக்கைக்குப் பக்கத்துல வந்துச்சு. ரேட் 1.6 ஹெர்ட்ஸ் கிட்ட. ஒரு முழு ஆட்டத்துக்கு 625 மில்லி செகண்டு. ஆனா தட்டோட சத்தம் 300லயே செத்துடும். அதனால பையனோட பாதி ஆட்டம்தான் வெளிய கேக்குது, ஒரு ஏத்தம் ஒரு இறக்கம். ஆடிக்கினே இருக்க ஒண்ண ஒரே தடவ நடக்குறதா மாத்தியாச்சு. அப்புறம் அது எல்.எஃப்.ஓ.வா, என்வலப்பா (தட்டுக்கு ஒரு தடவ மட்டும் ஏறி இறங்குறது)ன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. வேலை நடக்குது.

ஒரு குறை. இப்ப எல்லாத் தட்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே மாதிரி. பூசாரி கையில ரெண்டு தட்டு ஒண்ணா இருக்காது. தட்டுக்குத் தட்டு இன்ட் நாபை மயிரிழை நகத்தினா உயிர் வருது. ஆக மறுபடியும் கைதான்.

21 ஏப்ரல், காலை 11.00

இது கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கோங்க.

கமகம் (ஸ்வரத்த அசைச்சுப் பாடுறது) கேள்வி நாலு பேர் கேட்டாச்சு. வைப்ரேட்டோன்னா ஸ்வரம் ஆடுது, கம்பிதம்ன்ற கமகம்னாலும் ஸ்வரம் ஆடுது, அப்ப எல்.எஃப்.ஓ. வெச்சு கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமே? நானும் மினிலாக் வாங்கின புதுசுல அப்படித்தான் நெனச்சேன். வாங்கின மாசமே தோடி வாசிச்சேன். தோடி! கல்யாணி, மோகனம்னு ஏதாவது எடுத்திருக்கலாம். கொழுப்பு.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு, நாகஸ்வரம் வாசிச்சு ஓய்ஞ்சவர். ஜன்னல் வழியா கேட்டுட்டு உள்ள வந்துட்டாரு. காந்தாரத்துல நான் பிட்ச் எல்.எஃப்.ஓ. 5 ஹெர்ட்ஸ், தூரம் நல்லா ஏத்தி வெச்சிருந்தேன். ரெண்டு நிமிஷம் கேட்டாரு.

"இன்னா தம்பி, காந்தாரத்துக்குக் குளிர் ஜுரமா?"

எனக்குக் கோவம். "ஐயா, ஆடணும்ல?"

"ஆடணும்தான். நடுங்கக் கூடாது."

அவர் பாடிக் காட்டினாரு. அப்புறம்தான் உறைச்சுது. எல்.எஃப்.ஓ. ஒரு ஸ்வரத்த நடுவுல வெச்சு மேல கொஞ்சம் கீழ கொஞ்சம்னு சரிசமமா ஆட்டும். தோடி காந்தாரம் அப்படி நடுவுல நிக்கவே நிக்காது. ரிஷபத்துப் பக்கம் போயி மத்யமத்தத் தொட்டு வரும், காந்தாரம்ன்றது அந்த ரெண்டுக்கும் நடுவுல நம்ம மனசு வெச்சிக்கிற பேரு. மேல ஏறுற வேகம் வேற, இறங்குற வேகம் வேற. அடுத்து வரப்போறது மத்யமமா ரிஷபமான்னு பாத்து இந்த ஆட்டத்தோட கடைசி மாறும். பையனுக்கு அடுத்து என்ன வரப்போகுதுன்னு எப்படித் தெரியும்? நான் தட்டுறதே அவனுக்குக் கேக்காதுன்னு போன குறிப்புல எழுதினேன். நாளைக்கு நான் தட்டப்போறது எப்படிக் கேக்கும்.

சில சிந்துல எல்.எஃப்.ஓ.வ மேல் பக்கமா மட்டும் ஆட விடலாம். யூனிபோலார்னு இருக்கும். கீழ இருந்து மேல தொட்டு வர்ற ஆட்டத்துக்கு அது கொஞ்சம் கிட்ட வரும், வேகம் அப்பவும் மாறாது. மினிலாக்ல ஈ.ஜி. (என்வலப்) மாட்னு ஒரு சுவிட்ச் இருக்கு, ரேட்டுக்குப் போட்டா ஆட்டத்தோட வேகம் ஸ்வரம் போகப் போக மாறும். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுல போச்சு. கிடைச்சது குளிர் ஜுரம் குறைஞ்ச காந்தாரம்.

கீபோர்டுல கர்நாடக சங்கீதம் வாசிக்கிற கே. சத்யநாராயணன் இடது கைய பிட்ச் பெண்டுல (கையால சுருதிய ஏத்தி இறக்குறது) வெச்சு வாசிக்கிறதப் பாருங்க. அங்க ஆட்டுறது மெஷின் இல்ல, கை. அதுதான் வழி. நான் எல்.எஃப்.ஓ.வ அமத்திட்டு ஸ்லைடரை பெண்டுக்குப் போட்டு மோகனத்துல இருந்து ஆரம்பிச்சேன், மரியாதையா.

21 ஏப்ரல், மதியம் 1.10

மேல எழுதினதப் படிச்சிட்டு ராணிப்பேட்டை நண்பர் "அப்ப நம்ம சங்கீதத்துக்கு எல்.எஃப்.ஓ. உதவாதுன்றீங்க"ன்னாரு. அப்படிச் சொல்லலையே. சாப்பிட்டுட்டு எழுதறேன்.

22 ஏப்ரல், இரவு 10.30

சாப்பிட்டுத் தூங்கிட்டேன்.

சுருதிக்கு உதவும். தம்புரா மாதிரி ஒரு நீளமான சத்தம் பின்னாடி ஓடணும், ஆனா செத்த பொணமா நிக்கக் கூடாது. லேப்டாப்ல சர்ஜ் எக்ஸ்.டி.ன்ற சாஃப்ட்வேர் சிந்து போட்டேன், இலவசம், எல்.எஃப்.ஓ. வேணும்ன்ற அளவுக்கு இருக்கு. ஒரு எல்.எஃப்.ஓ. 0.11 ஹெர்ட்ஸ்ல ஃபில்டரை ஆட்டுது, இன்னொண்ணு 0.07ல சத்தத்த ஆட்டுது. ரெண்டுக்கும் தூரம் ரொம்பக் கம்மி. ஒண்ணு 9 செகண்டுக்கு ஒரு சுத்து, இன்னொண்ணு 14 செகண்டுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டும் ஆரம்பிச்ச இடத்துக்கு ஒண்ணாத் திரும்பி வர 100 செகண்டு ஆகும். அதுவரைக்கும் ஒரு நொடி இருந்த மாதிரி இன்னொரு நொடி இருக்காது. இங்க பையனுக்குக் காது கேக்கலன்றதே நல்லது, சுருதிப் பெட்டி யாரைக் கேட்டுக்கினு பாடும்?

பெரியவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ண மூடிக் கேட்டாரு. "இது பரவால்ல"ன்னாரு. அப்புறம், "அந்த ஃபேனை நிறுத்து, சுருதில விழுது"ன்னாரு.

27 ஏப்ரல், இரவு 8.00

7ஆம் தேதி நான் எழுதின 4.33 கணக்கு தப்பு. தப்புன்னா, பெருக்கல் சரி, பாட்டு தப்பு.

குடியாத்தம் தம்பி ரிகர்சல்ல போட்டுப் பாத்துட்டு, "அண்ணே, பேஸ் தாளத்தோட சண்ட போடுது"ன்னு எழுதியிருந்தான். வாய்ஸ் கிளிப் கேட்டேன். சண்டதான். அம்மன் பாட்டு ஒவ்வொரு பீட்டையும் மூணா வெட்டி ஓடுது, தகிட தகிடன்னு. நான் சொன்னது ரெண்டா வெட்டுற கணக்கு, தக தக. பம்பை மூணு தட்ட சொல்ல பேஸ் ரெண்டு ஆடினா எப்படி ஒட்டும்? மூணால பெருக்கணும்: 130ஐ 60ஆல வகுத்து மூணால பெருக்கினா 6.5 ஹெர்ட்ஸ். டெம்போவோட ஒட்டுற சிந்துல ட்ரிப்லெட்னு இருக்கும், அதை எடுக்கணும்.

இத்தன வருஷம் திருவிழால வாசிச்சவன் இத்தக் கோட்டை விட்டேன்னா, கால்குலேட்டரைத் தொட்டதும் காதைக் கழட்டி வெச்சிட்டேன்னு அர்த்தம். பாட்டு காதுல ஓடியிருந்தா கை தானா மூணு தட்டியிருக்கும்.

கூடவே ஒண்ணு. அந்த பேஸுக்கு சா அலை போடு தம்பி, கட்ஆஃபுக்கு. ஒவ்வொரு ஆட்டமும் டப்புனு தொறந்து சாயும், தட்டு மாதிரி இருக்கும். டிரையாங்கிள்ல வாவ் வாவ்னு கொட்டாவி விடும்.

5 மே, மாலை 4.40

நேத்து அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நாப்பதத் தாண்டி அடிக்குது. பாலாறு மணலைப் பாத்தாலே கண்ணு கூசுது.

மொட்டை மாடி ஷெட்டுல ரிகர்சல். மினிலாக் நேரம் ஆக ஆக ஒரு மாதிரி அலையுது. கூட வாசிக்கிறவங்க கீபோர்டு நிக்குற இடத்துல இது நிக்கல. எல்.எஃப்.ஓ. இன்ட் எங்கயோ லேசாத் தொறந்திருக்குன்னு அரை மணி நேரம் தேடினேன். ஜீரோலதான் இருக்கு. அப்புறம் உறைச்சுது, இது அனலாக். சூடு ஏறினா ஆஸிலேட்டர் சுருதி நகரும், எக்ஸ்.பி.எஸ். மாதிரி டிஜிட்டல் பெட்டிக்கு அந்தக் கவலை இல்ல. ட்யூனிங் ஓட விட்டதும் சரியாச்சு. வேலூர் வெயில் போட்ட எல்.எஃப்.ஓ., ஒரு மத்தியானத்துக்கு ஒரு ஆட்டம்.

கீழ வந்து கோவத்துல செஞ்ச சத்தம் ஒண்ணு நல்லா வந்துச்சு, அதைச் சொல்லிடறேன். ஸ்கொயர் அலையோட அகலத்த எல்.எஃப்.ஓ.வால ஆட்டணும். மினிலாக்ல டார்கெட் சுவிட்சை ஷேப்புக்குப் போடு, ரேட் 0.4 பக்கம், தூரம் பாதி. ஒத்த ஆஸிலேட்டரே ரெண்டு மூணு பேர் சேந்து வயலின் இழுக்குற மாதிரி தடிச்சுக் கேக்கும். பழைய ஜூனோ ஸ்ட்ரிங்ஸ் சத்தத்துல பாதி இதுதான், மீதி பாதி அதுல இருக்க கோரஸ்ன்ற எஃபெக்ட். அந்தக் கோரஸுக்குள்ளயும் ஒரு எல்.எஃப்.ஓ. உக்காந்துகினு டிலேய ஆட்டுது, எங்க போனாலும் பையன்தான்.

சாம்பிள் அண்ட் ஹோல்டு கேட்டவருக்கு: தாயக்கட்டை உருட்டுற எல்.எஃப்.ஓ. ஒவ்வொரு தடவயும் ஒரு நம்பர் விழும், அடுத்த உருட்டு வரைக்கும் அதுலயே நிக்கும். ஃபில்டருக்கு விட்டா பழைய படத்துல கம்ப்யூட்டர் யோசிக்கிற சத்தம். மினிலாக்லயும் வோல்காலயும் இது இல்ல, சர்ஜ்ல இருக்கு. என் உடுக்கைக்கு இத்த ரொம்ப ரொம்பக் கம்மியா பிட்ச்சுக்கு விட்டா தட்டுக்குத் தட்டு மாறும்னு நெனச்சேன். மாறுது. ஆனா ஏன் மாறுதுன்னு ஒரு காரணம் இல்லாம மாறுது. பூசாரிக்கு ஆவேசம் ஏற ஏற அமுக்கு ஏறும், தாயக்கட்டைக்கு ஆவேசம் இல்ல. திரும்ப நாபுக்கே வந்துட்டேன்.

17 மே, இரவு 11.50

தம்பி திருவிழா முடிஞ்சு எழுதியிருக்கான். சிரசு ஊர்வலம் முடிஞ்ச ராத்திரி கச்சேரி. கேட்டவங்களுக்காகச் சுருக்கமா.

பேஸ் 6.5ல ஒட்டிச்சாம், மூணு பாட்டுல. நாலாவது பாட்டை டிரம்மர் வேகமா எடுத்துட்டாரு, ஒட்டல, ரேட்டைத் தேடறதுக்குள்ள சரணம் வந்துடுச்சாம். அப்படி ஆச்சுன்னா தேடாத, கட்ஆஃப் இன்ட்ட ஜீரோக்கு இறக்கிட்டு நேரா வாசி. நின்ன சத்தத்த யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, தப்பா ஆடுறதத்தான் கேப்பாங்க.

உடுக்கை சத்தத்த வோல்கால அவனே வேற மாதிரி செஞ்சிருக்கான், சா அலைய ஃபில்டர்ல நல்லா மூடி. பம்பைக்காரர் திரும்பிப் பாத்து, "எவன்டா அது உடுக்கை?"ன்னாராம். பாராட்டா திட்டான்னு தெரியலன்றான். அடுத்த பாட்டுக்கு அவர் கண்ணக் காட்டினாருன்னா பாராட்டுதான்.

நடுவுல கரண்ட் போயிருக்கு. எல்லா பெட்டியும் அமந்துடுச்சு, வோல்கா மட்டும் பேட்டரில ஓடியிருக்கு, அதுலயே குட்டி ஸ்பீக்கர் இருக்கே. முன்வரிசைப் பசங்களுக்கு பிட்ச் இன்ட்ட முழுசாத் திருப்பிப் பேய்க் கதவு சத்தம் போட்டுக் காட்டியிருக்கான். ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் அதுதான் கச்சேரி. மொதல்ல என்கிட்ட குறைன்னு கொண்டு வந்த சத்தம்.

ஆறு டபுள் ஏ பேட்டரி தம்பி. திருவிழா சீசன் முடிஞ்சதும் கழட்டி வெச்சிடு, உள்ளயே விட்டா ஒழுகி ஸ்பிரிங் துரு ஏறிடும். என்னோடது அப்படித்தான் போச்சு.